ஒரு துளையும் என் உள்ளங்கையும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் வலது கை மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அதனால் எழுத்து கோணல்மாணலாக வந்தால் பயந்துவிடாதே, அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். படகு வாங்கிவிட்டோம் என்று நீ எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் பதில் போடவில்லை. அப்பா தினமும் சாப்பிட உட்காரும்போதெல்லாம் "புள்ளைக்கு ரெண்டு வரி எழுதேன், பேனாவுக்கா பஞ்சம்?" என்று கேட்பார், நான் காதில் விழாத மாதிரி எழுந்து போய்விடுவேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இல்லை அம்மா, பயம். இருபத்தாறு வருஷமாகப் பட்டறையில் படகுகளின் அடியில் மல்லாந்து படுத்து, ஒட்டியிருக்கிற கொட்டலசுச் சிப்பியைச் சுரண்டி பெயின்ட் அடிக்கிறவள் நான். கடல் ஒரு படகை என்ன செய்துவிட்டு அனுப்பும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடலில் ஒரு நாள்கூட நான் போனதில்லை என்பது உனக்கும் தெரியும். சமையல்கட்டையே பார்க்காதவன் பந்தியில் உட்கார்ந்து குறை சொன்ன கதையாகிவிடுமே, உனக்கு நான் என்ன புத்தி சொல்வது என்று ஒரு கூச்சம். அதனால்தான் போன வாரம் நானே போய் "மீசை"யிடம் கேட்டேன். மீசை என்பது எங்கள் பட்டறைக்கு வரும் ஒரு விசைப்படகின் டிரைவர், மீசையை எடுத்துப் பத்து வருஷம் ஆகியும் பேர் போகவில்லை. அவர் படகு அப்போதுதான் எங்களிடம் வேலை முடிந்து தண்ணீரில் இறங்கியிருந்தது, வெள்ளோட்டம் பார்க்கப் போக இருந்தார். என்னையும் ஏற்றிக்கொள்ள முடியுமா என்றதும் அவர் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்துவிட்டன. "இத்தன வருஷம் அடியிலயே இருந்தீங்க, மேல ஏறணும்னு இன்னைக்குத்தான் தோணுச்சாக்கா?" என்றார். கூட வரவேண்டிய எங்கள் பட்டறை மெக்கானிக்குக்கு அன்றைக்கென்று பல்வலி. ஆக நாங்கள் இரண்டு பேர்தான், காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம்.

உன் அப்பா வழியனுப்ப வந்தார். முப்பது வருஷம் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர், மேலும் கீழும் போனது போதாதா, படகுத்துறையின் மிதக்கும் மேடையில் கால் வைத்ததுமே முகம் வெளுத்துவிட்டது, கம்பத்தைப் பிடித்துக்கொண்டே கையசைத்தார். படகு நகர்ந்தது. எப்படிச் சொல்வது உனக்கு, அந்தப் படகுக்கு நான் ஒன்பது முறை பெயின்ட் அடித்திருக்கிறேன், அதன் ஒவ்வொரு மேடுபள்ளமும் என் கைக்குத் தெரியும், முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும்போது செத்த மாடு மாதிரி கிடக்கும். அது தண்ணீரில் மூச்சு விடுகிறது. முதல் அலையில் ஏறி இறங்கினபோது என் காலடியில் முழுப் பலகையும் ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் சுருங்கினது எனக்குத் தெரிந்தது, உயிருள்ள முதுகின் மேல் நிற்கிற மாதிரி. ஒரு மணி நேரத்தில் கரை ஒரு கோடானது, பிறகு அந்தக் கோட்டையும் யாரோ துடைத்துவிட்டார்கள். சுற்றிலும் வட்டமாகத் தண்ணீர், நடுவில் நாங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாங்கள்தான் நடு. வாயில் ஈ புகுந்தாலும் தெரியாத அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு அழுகை வந்தது, எதற்கு என்று இன்னும் தெரியவில்லை.

அப்போதுதான் இன்ஜின் சத்தம் மாறினது. அதுவரை பின்னால் புகைக்குழாயில் புகையோடு தண்ணீரும் துப்பிக்கொண்டு ஒரு ஈரச் சத்தமாக இருந்தது, திடீரென்று வறட்டு இருமலாகிவிட்டது. இதை நன்றாக மனதில் வை, நீ இன்ஜினைக் கிளப்பின உடனே முதலில் பார்க்க வேண்டியது பின்னால் தண்ணீர் துப்புகிறதா என்பதைத்தான், போகிற வழியிலும் அந்தச் சத்தத்தில் ஒரு காது இருக்கட்டும். மீசை சட்டென்று இன்ஜினை நிறுத்திவிட்டு மூடியைத் தூக்கினார். கீழே முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தண்ணீர். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீர் உள்ளே வருகிற துளை இருக்கிறது பார், அதன் வாயில் இருக்கிற வால்விலிருந்து ரப்பர் குழாய் கழன்று கிடக்கிறது, ஒரே ஒரு கிளிப்புதான் போட்டிருந்தது, அது துருப்பிடித்து அறுந்துவிட்டது. தண்ணீர் என் கட்டைவிரல் தடிமனுக்குப் பீறிட்டுக்கொண்டிருந்தது. மீசை குனிந்து வால்வை மூடப் பார்த்தார், அது அசையவே இல்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தினதும் கைப்பிடி மட்டும் உடைந்து அவர் கையோடு வந்துவிட்டது. கரண்டு பம்பு ஓடினது, ஆனால் தண்ணீரை வெளியே தள்ளவில்லை, அதன் வாயில் பெயின்ட் செதிலும் பஞ்சும் அடைத்திருந்தன, எல்லாம் எங்கள் பட்டறையில் சுரண்டி அப்படியே விட்டது. அந்த நேரத்தில் எனக்கு யோசிக்கவெல்லாம் வரவில்லை. இறங்கி, இன்ஜினுக்கும் பலகைக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுத்து, அந்த வால்வின் வாயில் உள்ளங்கையை வைத்து அடைத்துவிட்டேன். நின்றது. கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக்கூடாது என்பார்களே, எனக்கு வைக்கக் கை ஏது?

மீசை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார், பக்கத்தில் இருக்கிற படகு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். காற்றும் ஏறிக்கொண்டிருந்தது. மனுஷர் ஒரு நிமிஷம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கழன்ற குழாயின் நுனியை எடுத்து, என் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அதன் வாயில் வடிகட்டி மாதிரி கட்டி, படகுக்குள் தேங்கியிருந்த தண்ணீரிலேயே முக்கிவிட்டார். "அக்கா, இன்ஜின் இந்தத் தண்ணிய உறிஞ்சிக் குளிரும், வெளியவும் தள்ளிரும். ஆனா தண்ணி தீந்தா சூடாயிரும். கொறையும்போது நீங்க கைய லேசா விலக்கணும், ஏறுச்சுன்னா அமுக்கணும். வால்வு நீங்கதான்" என்றார். இன்ஜினைக் கிளப்பிவிட்டு மேலே சுக்கானுக்குப் போய்விட்டார். ஒரு மணி இருபது நிமிஷம் நான் அங்கே கிடந்தேன். ஒரு தோளில் இன்ஜின் சூடு, மறு தோளில் கடலின் குளிர். கடல் தள்ளும் என்று நினைத்திருந்தேன், அது தள்ளவில்லை அம்மா, சாய்ந்துகொண்டது. தூங்குகிற குழந்தை மேலே சாய்கிற மாதிரி, கனமாக, விடாமல். என் உள்ளங்கைக்கு அந்தப் பக்கம் அத்தனை தண்ணீரும் இருக்கிறது, இந்தப் பக்கம் நான் இருக்கிறேன், நடுவில் ஒரு தோல். நான் விரலை விலக்கினால் உள்ளே வருகிறது, மூடினால் காத்திருக்கிறது. அதற்கு எங்கள் மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை, அவசரம் என்பதே இல்லை. காது பலகையில் அழுந்தியிருந்தது, இன்ஜின் இரைச்சலையும் மீறி உள்ளே ஏதோ எண்ணெயில் பொரிகிற மாதிரி படபடவென்று ஓயாத ஒரு சத்தம் கேட்டது. படகு உடைகிறதோ என்று கத்திக் கேட்டேன். "அது பொடி எறாலுக்கா, அடியில பாறை இருக்கு, லட்சக்கணக்குல சொடக்குப் போடும், கரை கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம்" என்று மேலிருந்து பதில் வந்தது. எங்கள் பாட்டை நாங்கள் பட்டுக்கொண்டிருக்க, கீழே விரலளவு உயிர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எனக்குப் பயமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கோயிலில்கூட நான் அப்படிக் கிடந்ததில்லை.

கரை சேர்ந்ததும் கையை எடுக்க முடியவில்லை, விரல்கள் மரத்துவிட்டிருந்தன, பட்டறை ஆட்கள் ஒரு மரக்கட்டையைச் சீவித் துளையில் அடித்து இறுக்கிவிட்டுத்தான் என்னைத் தூக்கினார்கள். உள்ளங்கையில் மோதிரம் அளவுக்கு ஒரு வட்டத் தழும்பு. அங்கேயே உட்கார்ந்து மீசையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்கிறேன். பெயின்ட் அடித்து முடித்த அன்று ஒரு துணியை எடுக்க அந்தப் படகுக்குள் இறங்கினேன், அந்த வால்வின் கைப்பிடியில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். என் வேலை வெளியே, உள்ளே மெக்கானிக் பாடு என்று ஏறி வந்துவிட்டேன். மீசை தன் கையோடு வந்த அந்த உடைந்த கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு "நானும் பாத்தேன்க்கா. மெக்கானிக் பாத்துக்குவான்னு விட்டுட்டேன்" என்றார். மெக்கானிக்கைக் கேட்டால் அவரும் இதே மாதிரி ஒன்று சொல்வார். மூன்று பேர் பார்த்து, மூன்று பேரும் வாயைத் திறக்காத ஒரு கைப்பிடி.

அதனால் என் கண்ணே, உன் படகை விற்றவர் "எல்லாம் பக்காவா இருக்கு, அப்படியே ஓட்டலாம்" என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அவர் நல்லவராகவே இருக்கட்டும், நீ அதை உடனே தண்ணீரில் இறக்காதே. மாப்பிள்ளை ஏழு வருஷம் அடுத்தவர் படகில் வலை இழுத்தவர், மீன் எங்கே என்று அவருக்குத் தெரியும், ஆனால் வேலைக்குப் போகிறவருக்குப் படகின் மேல்பக்கம்தான் தெரியும், சொந்தக்காரருக்குத்தான் கீழ்ப்பக்கமும் தெரிய வேண்டும். கரையில் ஏற்றி முட்டுக் கொடுத்து, அடி முழுக்கச் சுரண்டி, சுத்தியலால் தட்டித் தட்டிக் காதால் பாருங்கள், நல்ல இடம் ணங்கென்று சொல்லும், உளுத்த இடம் பொத்தென்று சொல்லும். படகைத் தள்ளுகிற விசிறியின் தண்டுக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டி பொருத்தியிருக்கும், இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகிற தியாகி அது, பாதி கரைந்திருந்தால் மாற்று, அதன் மேல் மட்டும் மறந்தும் பெயின்ட் அடித்துவிடாதே. தண்டு வெளியே போகிற இடத்தில் திணித்திருக்கிற கயிறு ஓடும்போது நிமிஷத்துக்கு நாலைந்து சொட்டு விடலாம், ஒழுகக் கூடாது, சொட்டே இல்லாமல் இறுக்கினாலும் சூடேறிக் கருகிவிடும். ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு கிளிப்பு. ஒவ்வொரு வால்வையும் வாரத்துக்கு ஒருமுறை திறந்து மூடு, வேலை இல்லை என்றாலும். ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் அதன் அளவுக்குச் சீவின மென்மரக் கட்டை ஒன்று கயிற்றில் தொங்கட்டும், எல்லோர் கையும் என் கை மாதிரி இருக்காது. உள்அடியைக் கழுவித் துடைத்து வெள்ளைப் பெயின்ட் அடி, ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும், பம்பின் வாயும் அடைக்காது. டீசல் டாங்கியைப் பாதியாக விட்டு வைக்காதே, காலி இடத்தில் வேர்த்துத் தண்ணீர் சேரும். பேட்டரியைக் கட்டி வை. பெல்ட்டும் பம்புக்குள் இருக்கிற ரப்பர் விசிறியும் உபரியாக ஒன்று எப்போதும் படகில் இருக்கட்டும். மிதவைச் சட்டையை வலைக்கு அடியில் போட்டுவிட்டு, அலை வரும்போது தேடாதீர்கள், போட்டுக்கொண்டே போங்கள், வேர்த்தால் வேர்க்கட்டும். எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லாமல் கயிற்றை அவிழ்க்காதே. முதல் பத்து நாள் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு மேல் வேண்டாம். இதெல்லாம் படித்துவிட்டு மாப்பிள்ளை, அத்தைக்கு ஒரு தடவை போய் வந்ததும் தலைகால் புரியவில்லை என்று சிரிப்பார், சிரிக்கட்டும், ஆனால் முதலில் கிளிப்பை எண்ணிவிட்டுச் சிரிக்கச் சொல்.

இன்னொன்றும் நடந்தது. அடுத்த நாள் பட்டறை முதலாளி என்னைக் கூப்பிட்டார், வேலை போயிற்று என்றுதான் நினைத்துப் போனேன். மீசை எனக்கு முன்னால் போய் என்ன பேசினாரோ தெரியாது, இனிமேல் நான் உள்ளே இறங்கி எல்லா வால்வையும் திருப்பிப் பார்த்து, சரி என்று சொல்லாமல் எந்தப் படகும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். மெக்கானிக்குக்குக் கொஞ்சம் முகம் சுண்டிப்போனது. மறுநாள் அவரே டார்ச்சைக் கொண்டுவந்து கொடுத்து, முன்னால் இறங்கி வழி காட்டினார். அப்படி இறங்கி நின்றபோது உன்னை நினைத்துக்கொண்டேன். நான் இருபத்தாறு வருஷம் வெளியிலிருந்தே தொட்டுக்கொண்டிருந்த ஒன்றை நீ முப்பத்திரண்டு வயதில் வாங்கி, அதில் ஏறிப் போகப் போகிறாய். எனக்குள் இவ்வளவு துணிச்சல் இல்லையே, இது யாரிடமிருந்து வந்தது என்று மலைத்துப்போய் நின்றேன். ஒரு மாதம் உனக்கு எழுதாமல் இருந்ததற்கு அம்மாவை மன்னித்துவிடு.

விடுப்பு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். வருகிற பதினெட்டாம் தேதி அங்கே வந்து சேருவேன். அதுவரை படகு கரையிலேயே இருக்கட்டும், நீயும் நானும் சேர்ந்து அடியில் படுத்துப் பார்க்கலாம். இறக்குகிற அன்று என்னையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், இது வேண்டுகோள் இல்லை. நீங்கள் இருவரும் போகிற திசையெல்லாம் நல்ல காற்று வீசட்டும், போன கால் போனபடி திரும்பி வரட்டும், வலையும் வயிறும் நிறையட்டும். மறந்துவிடாதே, மிதவைச் சட்டை மூன்று போதாது, நாலாவதாகப் பெரிய அளவில் ஒன்று வாங்கி வை. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்த உன் அப்பா இப்போதுதான் சொன்னார், "நீ உள்ள கெடந்தப்ப நான் கம்பத்தப் புடிச்சிக்கிட்டு கரையில நின்னேன். இனிமே அப்படி நிக்கமாட்டேன், வாந்தி எடுத்தாலும் படகுலயே எடுக்கறேன்" என்று.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் எப்போதும் ஆசி கூறும்
அம்மா