தாய்மாமன் மாலைக்கு ஒரு காரணம்

என் கண்ணான தம்பி சுப்பையாவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் முதலில் வாய் வருகிறது. பழக்கம் விடவில்லை. உன் நினைவு நாளுக்குப் பேப்பரில் படம் போடலாம் என்றார் உன் அத்தான். படம் போட்டால் நான் பேச இடம் இருக்காதே, அதனால் இந்தக் கடிதம். உன்னோடு வேலை பார்த்தவர்களும் படிப்பார்களாம். அஞ்சாம் வகுப்புக்காரி எழுத்து, பொறுத்துக்கொள்ளட்டும்.

என் மகள் கோமதிக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளைக்கு வாசுதேவநல்லூர். ஆனால் கல்யாணம் நிற்கப் பார்த்தது. நிற்கப் பார்த்ததும் உன்னால்தான், நடந்ததும் உன்னால்தான்.

நீ இல்லாமல் தாய்மாமன் மாலையை யார் போடுவது? நம் பெரியம்மை, "பிறந்த வீட்டு ஆளுதான் போடணும், குருவிகுளத்துச் சித்தப்பா மகனைக் கூப்பிடு" என்றாள். கோமதி, "மாமா இடத்துல அவரு நிக்கக் கூடாது" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மாவோ, "தாய்மாமன் மாலை விழாம தாலி ஏறக் கூடாது மதினி. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க" என்று எழுந்தே விட்டார்.

அந்த நேரத்தில் உன் நினைப்புதான் வந்தது. லீவில் வந்து என் அடுப்படியில் சாப்பிடும்போது, "கணக்குல அப்படி என்னதாம்லே ஆராய்ச்சி பண்ணுதே?" என்று கேட்டேனே.

"விருந்துக்கு வாரவங்க ஆளுக்கொரு நிபந்தனை போடுதாங்கன்னு வச்சுக்கோ அக்கா. எல்லாத்துக்கும் ஒத்துவர ஒரு சமையல் உண்டா? சமைச்சு வச்சதைச் சரியான்னு பார்க்கது லேசு. அப்படி ஒண்ணு உண்டான்னு தேடுததுதான் பாடு. இதுல ஒருத்தன் 'என்ன நடந்தாலும் ரசம் இருந்தே ஆகணும்'ங்கான், இன்னொருத்தன் 'ஏதாவது ஒரு நிலைமையிலயாவது பாயசம் வரணும்'ங்கான். அப்போ மழை பெஞ்சா ஒரு உலகம், பெய்யாட்டா ஒரு உலகம்னு, நடக்கக்கூடிய ஒவ்வொரு உலகத்துக்குள்ளயும் போய்ப் பார்க்கணும். அதுக்குள்ள இன்னும் பல உலகம்."

"விளங்கிரும். இலை எப்பம்லே போடுவே?" என்றேன். உனக்குப் புரையேறிவிட்டது.

பிறகு சொன்னாய்: "வெறுமன 'ஆகணும்'னு சொல்லாம, இன்ன காரணத்தால ஆகணும்னு காரணத்தையும் கூடவே எழுதிட்டா, வேலை ஒரு படி குறையுது. லேசாயிரும்னு சொல்லலை. குறையுதுன்னுதான் நம்புதோம், இன்னும் யாரும் அடிச்சு நிரூபிக்கலை." இப்போதாவது யாராவது நிரூபித்தார்களா தம்பி? அங்கே சேதி வருமா?

அதனால் நானும் காரணம் கேட்டேன்.

"பிள்ளைக்குத் தாய்வீட்டு ஆளு இருக்குன்னு ஊருக்குத் தெரியணும்லா?" என்றாள் பெரியம்மை. "நாளைக்கு ஒரு சண்டை சச்சரவுன்னா நாங்க வந்து பேச ஒரு ஆளு வேணாமா?" என்றார் சம்பந்தியம்மா. கோமதி கதவைத் திறக்காமலே சொன்னாள்: "அவருக்கு என்னைத் தெரியாதும்மா. மாமாவுக்குத் தெரியும்."

எல்லாக் காரணத்துக்கும் பொருந்தி ஒரே ஆள்தான் நின்றாள். உன் மனைவி கலா. அடுப்படி வாசலில் ஒதுங்கித்தான் நின்றாள்.

"தாலி இழந்தவ கையாலயா?" என்று பெரியம்மை பதறினாள்.

"ஏன் கூடாது?"

"கூடாதுன்னா கூடாதுட்டி."

"அது காரணம் இல்லையே பெரியம்மை."

பெரியம்மை வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். "தம்பிகூடச் சேந்து நீயும் கெட்டுப்போயிட்டே" என்றாள். சம்பந்தியம்மா மறுபடி உட்கார்ந்தார். "பேச ஆளு வேணும்னேன். மீசை வேணும்னா சொன்னேன்?"

கலாதான், "எனக்கு வேண்டாம் மதினி, நல்ல காரியத்துல ஊர் பேசும்" என்று அழுதாள். அப்போதுதான் கதவு திறந்தது. "அத்தே, நீங்க போட்டாத்தான் நான் வாரேன்" என்றாள் கோமதி.

போட்டாள். கலாதான் போட்டாள். கோமதி குனிந்து வாங்கிக்கொண்டாள். கொட்டுமேளச் சத்தத்தில் யார் என்ன பேசினார்களோ, எனக்குக் காதில் விழவில்லை.

உன் கணக்குப்படி இது சரிதானா, எனக்குத் தெரியாது. கிடைத்ததைச் சரிபார்ப்பது லேசு என்றாயே, அதனால் பந்தலில் கலாவின் முகத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஒரு வாக்குத் தருகிறேன் தம்பி. இனி நம் வீட்டு எந்த விசேஷத்திலும் கலா அடுப்படி வாசலில் நிற்க மாட்டாள். யாராவது கூடாது என்றால், ஏன் என்று கேட்க நான் இருக்கிறேன்.

உனக்குச் சோறு போட்டுக்கொண்டே உன் பாடத்தைக் கேட்ட
அக்கா செண்பகம்,
சங்கரன்கோவில்.