பிள்ளைக்கு ஓர் அட்டைப்பெட்டி

அக். 27, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கம்பெனிக்கு வந்த அட்டைப்பெட்டி லோடில் கீழ் வரிசை முழுக்க நமுத்துப்போயிருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. இதில் நாங்கள் செய்யும் பீங்கான் பியூஸ் கட்டையை அடுக்கினால் பாதி வழியில் அடி பிய்ந்துகொள்ளும். திருப்பி அனுப்பினேன். டிரைவருக்குக் கோபம். இருக்கட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் கலையின் போன். பெண்ணாடத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஒன்பதாம் மாதம். கால் வீக்கம் குறைந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள்:

“ஏங்க, போன்ல ஒண்ணு அனுப்பியிருக்கேன், பாருங்க.”

பார்த்தேன். பேபி பாக்ஸாம். வெளிநாட்டில் எங்கோ பிள்ளை பெறப்போகிறவர்களுக்குக் கொடுப்பார்களாம். அட்டைப்பெட்டி, உள்ளே அளவாக ஒரு மெத்தை, கொஞ்சம் துணிமணி. பிறந்த குழந்தை அந்தப் பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது. இப்போது இங்கேயும் ஆன்லைனில் விற்கிறார்கள்.

சிரித்துவிட்டேன். “நாள் பூரா அட்டைப்பெட்டியோடதான் குப்ப கொட்டுறேன். புள்ளயயும் பேக் பண்ணணுமா?”

போனை வைத்துவிட்டாள்.

சிரித்திருக்கக் கூடாது. இரண்டு முறை திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

அக். 28, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

வேண்டாம் என்பதற்கு (கலையிடம் சொல்ல):
- அட்டை ஈரம் குடிக்கும். இதோ மழைக்காலம்.
- எறும்பு. நம் வீட்டுத் தரையில் எதையும் அரை மணி நேரம் வைக்க முடியாது.
- எலி.
- நாலைந்து மாதம்தான். பிள்ளை புரள ஆரம்பித்தால் பெட்டி பரணுக்கு.
- தெருவில் சிரிப்பார்கள். (இதைச் சொல்ல வேண்டாம்.)

வேண்டும் என்பதற்கு:
- கேட்கிறாள்.

சூளையில் வேலை பார்க்கும் கணேசண்ணனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். மூன்று பிள்ளைக்காரர். “பொட்டியிலயா? புள்ளயயா?” என்று சிரிக்க ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். டீ சாப்பிடலாமா என்றார். எங்கள் மூத்தவள் விஷயம் அவருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

இன்று ஒரே இடத்தில் பத்து நிமிஷம் உட்காரவில்லை. லேபிளைத் தலைகீழாக ஒட்டி, கிழித்து, மறுபடி ஒட்டி. சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்.

அக். 30, வியாழன்

அரை நாள் லீவு. பெண்ணாடம் பஸ். வழியெல்லாம் முன்னால் கரும்பு டிராக்டர். முந்தவும் விடவில்லை, நகரவும் இல்லை. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

அத்தை தூளிப் புடவையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். கூடத்தில் உத்தரத்தில் கயிறும் கட்டியாகிவிட்டது. இழுத்து இழுத்துப் பார்த்துக் காட்டினார்.

“மாப்ள, நாலு புள்ள இந்தத் தூளியிலதான் வளந்துது. அது பகலுக்கு. ராவுல தாயோட சூட்டுல கெடக்கணும். பொட்டியில போட அது என்ன கப்பு சாசரா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கலை முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் எழுந்து வயிற்றைப் பிடித்தபடி கிணற்றடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். என் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஈரம், எறும்பு, எலி. கடைசியில்,

“எனக்கு வேணுங்க. அவ்ளோதான்.”

“எதுக்குன்னு சொன்னாதான தெரியும்?”

“வாங்கித் தர முடியும்னா தாங்க. முடியலன்னா வுடுங்க. நான் உக்காந்தே இருந்துக்கிறேன்.”

உட்கார்ந்தே இருப்பதா? என்ன பேச்சு இது. கோபத்தில் சாப்பிடாமல் கிளம்பினேன். “போயிட்டு வரேன்” என்றுகூடச் சொல்லவில்லை.

நவ. 1, சனி

மழை. ஷிப்ட் முடிந்து வீடு. துணி காயவில்லை. சோறு மட்டும் வடித்தேன்.

உட்கார்ந்தே இருந்துக்கிறேன். இரண்டு நாளாக இதேதான் காதில். இன்று கம்பெனியில் பீங்கான் மாவு மூட்டைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருக்கும்போது புரிந்தது. தூங்காமல் உட்கார்ந்திருப்பேன் என்கிறாள். பிள்ளை பக்கத்தில் படுக்கமாட்டேன் என்கிறாள்.

இதுவரை எழுதாததை எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு, தை மாதம். மூத்தவளுக்கு நாற்பத்தோராம் நாள். பெண்ணாடத்தில்தான். அன்று ஞாயிறு, நானும் இருந்தேன். விடிந்ததும் எழுந்து பல் துலக்கப் போனேன். திரும்பி வந்து பிள்ளையைப் பார்த்தேன். நிறம் சரியில்லை. தூக்கினேன். சில்லிட்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில்தான் கலை எழுந்தாள்.

டாக்டர் காரணம் சொல்ல முடியவில்லை என்றார். அறுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார்கள். நாங்கள் யாரும் சம்மதிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தெருவில் எடுத்தார்கள். குழாயடியில் ஒரு அம்மாள், நான் நிற்பது தெரியாமல்: “பக்கத்துல படுத்தவ அசந்து தூங்கிட்டா போல. கை கிய்யி மேல வுழுந்திருக்கும்.” குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். கலையிடம் சொல்லவில்லை. அவள் காதுக்குப் போயிருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போயிருக்கிறது.

நான் பேக்கிங் ஜோக் அடித்திருக்கிறேன்.

நவ. 3, திங்கள்

பெர்மிஷன் போட்டு, இங்கே ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடும் நர்ஸம்மாவைப் பார்க்கப் போனேன். தடுப்பூசி நாள், கூட்டம். ஒரு மணி நேரம் நின்றேன். போனில் படத்தைக் காட்டி, இது பிள்ளையைக் காப்பாற்றுமா என்று நேராகவே கேட்டேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார். “பொட்டி மாயமெல்லாம் பண்ணாது தம்பி. இது இருந்தா ஒண்ணும் ஆவாதுன்னு எவனாச்சும் சொன்னான்னா நம்பாதீங்க. புள்ள தூங்க தனியா ஒரு எடம், அவ்ளோதான்.”

“அப்ப வேணாமா?”

“வேணாம்னு சொல்லலயே.”

சொன்னவை, மறப்பதற்குள்:
- மல்லாக்கத்தான் படுக்கவைக்கணும்.
- மெத்தை கெட்டியாக, சமமாக. தலையணை, மெத்துப் போர்வை, பொம்மை எதுவும் கூடாது.
- அம்மா படுக்கும் அதே ரூமில், கைக்கெட்டும் தூரத்தில்.
- தூளியில் கழுத்து மடங்கி மோவாய் நெஞ்சில் இடிக்கும். ஆள் பார்க்கிறபோது ஆட்டலாம். தூங்க விட்டுவிட்டு வேலைக்குப் போகக் கூடாது.
- பெட்டியை மேசை, கட்டில் மேல் வைக்காதே. பிள்ளையோடு தூக்காதே. மேலே எதையும் மூடாதே.
- அட்டை நனைந்தால் தூக்கிப் போடு.

நான் கிளம்பும்போது, “ஒங்க மூத்த கொழந்தைக்கு நான்தான் முதல் ஊசி போட்டேன்” என்றார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்.

நவ. 4, செவ்வாய்

நானே செய்துவிடலாமா என்று ஒரு கிறுக்கு. ஏழடுக்கு அட்டை, இன்சுலேட்டர் அனுப்புகிற ரகம், ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். ஒன்றை எடுத்து வெட்டி மடித்தேன். ஓரமெல்லாம் கம்பிப் பின். பசை வாடை. மேலே பெரிதாக ‘கவனம், உடையும்’ என்று அச்சு. மடித்த கையோடு பிரித்துப் போட்டேன்.

ஆன்லைனில் ஆர்டர். கலைக்குப் போன் செய்தேன். “பொட்டி சொல்லிட்டேன்.”

“ம்.”

“கால் வீக்கம்?”

“இருக்குது.” அப்புறம், “சாப்டீங்களா?” என்றாள். ஒரு வாரத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

நவ. 6, வியாழன்

பெண் குழந்தை. காலை ஒன்பதே கால். எடை சரியாக இருக்கிறதாம். தாயும் நலம்.

நேற்று சாயங்காலம் வலி எடுத்து, பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். நான் ஓடி வந்த வழியில் செருப்பு அறுந்து வெறுங்காலோடு வந்து சேர்ந்தேன்.

தலை நிறைய முடி. அத்தை என் கையில் கொடுத்தார். வாங்கியதும் மூச்சு இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். அத்தையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

நவ. 7, வெள்ளி

அத்தை டீ வாங்கப் போயிருந்தார். குழந்தை கலையின் மடியில். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே. நேற்றிலிருந்து படுக்கவில்லை என்று பக்கத்துப் படுக்கைக்காரம்மா சொன்னார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“படுத்துக்க. நான் வெச்சிக்கிறேன்.”

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பிறகு, என்னைப் பார்க்காமல்: “அன்னைக்கு என் கை அவ மேல கெடந்துதா?”

அவள் எழுந்தபோது பிள்ளை ஏற்கெனவே என் கையில். படுக்கை எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான் ஒருவன்தான். இரண்டு வருஷமாக அவளுக்கு அது தெரியாது. அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

“இல்ல” என்றேன். “நீ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த. பாப்பா தள்ளி, மல்லாக்க கெடந்தா. நடுவுல ஒரு ஆள் படுக்கலாம். போர்வைகூட மூஞ்சில இல்ல.”

“என் மனசுக்காவ சொல்லாதீங்க.”

“ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல முட்டி போட்டுத்தான் அவளத் தூக்கனேன். எடம் இருந்துது கலை. ஒன் மேல நான் படவே இல்ல.”

அவள் அழவில்லை. குழந்தையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். “இத ஏன் அப்பவே சொல்லல?” என்றாள். அத்தை டீயோடு வந்துவிட்டார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரியைச் சுற்றி மூன்று முறை நடந்தேன். சொன்னது சரியா? ஞாபகம் ஏமாற்றுகிறதா? இல்லை. பாயின் கோடுகள்கூடத் தெரிகின்றன. அவள் முதுகு, பிறகு வெறும் பாய், பிறகு பிள்ளை. நிச்சயம்.

நவ. 9, ஞாயிறு

பெண்ணாடத்துக்கு வேண்டாம், நம் வீட்டுக்கே போகலாம் என்று கலை சொல்லிவிட்டாள். அத்தைக்கு வருத்தம். ஆனாலும் பெட்டி படுக்கையோடு கூடவே வந்துவிட்டார்.

பேபி பாக்ஸ் காலையில் வந்தது. தட்டிப் பார்த்தேன், அடியை அழுத்திப் பார்த்தேன். நல்ல அட்டைதான், குறை சொல்ல முடியாது. மெத்தை கெட்டி. ஆனால் உள்ளே இருந்தவை: பஞ்சுத் தலையணை, தடித்த போர்வை, ஒரு யானைப் பொம்மை. எல்லாவற்றையும் எடுத்துப் பீரோவில் வைத்தேன்.

“காசு குடுத்து வாங்கிட்டு வெறும் பொட்டிய வெக்கிறீங்களே மாப்ள” என்றார் அத்தை. நர்ஸம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டார். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தூளிக் கயிற்றைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை.

எறும்புக்கு: அரை சாண் உயரத்தில் அகலமான பலகை, நாலு காலுக்கும் அடியில் கம்பெனியில் கழித்துப்போட்ட சாசர், தண்ணீர். பலகையை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அதன்மேல் பெட்டி.

நவ. 11, செவ்வாய்

பெட்டி பற்றிய உண்மை: குழந்தைக்கு அது பிடிக்கவில்லை. வைத்தால் அழுகிறது, எடுத்தால் நிறுத்துகிறது. நேற்று முழுக்க மொத்தமாக ஒரு மணி நேரம் படுத்திருந்தால் அதிகம். மூத்திரத்தில் ஒரு மூலை நமுத்துவிட்டது. வெயிலில் வைக்கலாமென்றால் வெயில் இல்லை. இது மாதக்கணக்கில் வராது, பேக்கிங்காரன் சொல்கிறேன்.

அத்தை, “நான் அப்பவே சொன்னன்” என்று இன்று மட்டும் ஆறு முறை. மர ஆசாரி ஒருவரிடம் இதே அளவில் ஒரு மரப்பெட்டி கேட்டிருக்கிறேன். பத்து நாள் என்கிறார்.

நவ. 12, புதன்

லீவு. நல்ல வெயில், ஐந்து நாளில் முதல் முறை. துணியெல்லாம் மாடியில்.

பதினோரு மணிக்குக் கலை பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, அவளாகவே பெட்டியில் படுக்கவைத்தாள். மல்லாக்க. குழந்தை முகம் சுளித்தது, கையை உதறியது, அழவில்லை. கலை பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். பிறகு படுத்தாள். சுவர்ப் பக்கம் அல்ல, பெட்டியைப் பார்த்து.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, மிக்ஸியை நிறுத்தினார். என்னருகில் வந்து குனிந்து, “தூங்குறாளா?” என்றார்.

“பாப்பாவா?”

“எம் பொண்ண கேக்கறேன் மாப்ள.”

கலையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை. அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தை தும்மியது. இரண்டு முறை. நான்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். கலை எழவில்லை.