வேற கம்பெனி பஸ்ஸில் ஏறியவர்கள்

சோழவரம்,
14-6-2025

ஸ்ரீவாணிக்கு,

‘அன்புள்ள’ என்று போடலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு வெறும் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். உன் எண் என்னிடம் இல்லை. அன்றைக்கு இருந்த கோபத்தில் அழித்துவிட்டேன். அப்புறம் நீயும் எண்ணை மாற்றிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டு விலாசம் மட்டும் மறக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் நாம் சேர்ந்து எழுதிய ‘வேற கம்பெனி’ நாடகத்தைச் சென்னையில் ‘கிழக்கு மேடை’ என்ற நாடகக் குழுவுக்கு அனுப்பியிருந்தேன். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களிடம் புது நாடகம் கேட்டிருந்தார்கள். அட்டையில் இரண்டு பேர் பெயரும் போட்டுத்தான் அனுப்பினேன். உன்னைக் கேட்காமல் அனுப்பியது தப்புதான். ஆனால் வாணி, எடுத்துக்கொண்டார்கள்! நாடகமே தொழிலாக இருக்கிற நடிகர்களை வைத்து, டிக்கெட் போட்டு, ஆகஸ்ட் 23 சனிக்கிழமை சாயங்காலம் நடத்துகிறார்கள்.

எங்கள் சந்திரகலா சித்தியும் இன்னும் ஆறு பேரும் விடியற்காலையில் டீ குடிக்க இறங்கி, பக்கத்தில் நின்ற வேறொரு கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போய், மத்தியானம் வரைக்கும் யாரோ ஒருவருடைய பாக்டரியில் வேலை செய்துவிட்டு வந்த கதையை அவள் நமக்குச் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? இப்போது சித்தி வீட்டில் தங்கி நானும் அவள் கம்பெனி பஸ்ஸில்தான் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறேன். கார்களுக்கு ஒயர் செய்கிற கம்பெனி. செக்கிங்கில் இருக்கிறேன்.

ஒரு சிக்கல். இயக்குகிற ஜோதிலட்சுமி அக்கா சொல்கிறார்: “அந்த வேதவல்லி இருக்கிற வரைக்கும் சீனுக்கு உசுரு இருக்குது. அவ போயிட்டா படுத்துடுது. அவளுக்கு இன்னும் ரெண்டு சீன் வேணும்.” வேதவல்லியின் ஒவ்வொரு வார்த்தையும் உன்னுடையது. நான் நாலு தடவை எழுதிப் பார்த்தேன். என் வேதவல்லி சூப்பர்வைசர் மாதிரி பேசுகிறாள்.

கல்லூரி நாடகப் போட்டிக்கு ரயிலில் போன நாளன்று ஆவடியில் ஏன் பாதியில் இறங்கிப் போனாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கேட்டு எழுதவில்லை. எழுதித் தருவாயா என்றுதான் கேட்கிறேன்.

பூமிகா


திருவள்ளூர்,
22-6-2025

பூமிகாவுக்கு,

உன் கடிதத்தை அப்பாதான் வாங்கினார். “இந்தக் காலத்துல யாரு லெட்டர் போடறா? உன் ஆபீஸ் சமாசாரமா?” என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் இப்போது கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கிறேன். அதனால் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார்.

நாடகத்தை எடுத்துக்கொண்டதில் சந்தோஷம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அதன் பிறகுதான் கோபம் வந்தது.

ஏன் இறங்கினேன் என்று கேட்கவில்லை என்கிறாய். நானே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ரயிலில் நீ கதவோரம் நின்று, நம்மோடு நடிக்க வந்த மோகன்ராஜிடம் பேசிக்கொண்டிருந்தாய். உங்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். “வாணிக்கு நடிக்கவே வராதுடா. இன்னா பண்றது, வேற ஆளு இல்ல. எப்படியோ ஒப்பேத்திக்கலாம்” என்றாய். வண்டி ஆவடியில் நின்றது. பாட்டிலைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். இரண்டு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

எழுத முடியாது என்று பதில் போடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வேதவல்லி சூப்பர்வைசர் மாதிரி பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? ஒரு சீன் இத்துடன் இருக்கிறது. உனக்காக இல்லை, அவளுக்காக. ஒரு வார்த்தையையும் மாற்றக்கூடாது. என்னைச் சென்னைக்கு வா என்று கூப்பிடவும் கூடாது.

ஸ்ரீவாணி


சோழவரம்,
30-6-2025

அன்புள்ள வாணிக்கு,

இந்த முறை போட்டுவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிட்டு மேலே படி.

சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் காதில் விழுந்தது என்பதுதான் தெரியாது. ஒத்திகையில் நீ கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மோகன்ராஜிடம் சொல்ல மட்டும் வாய் வந்தது. கூட்டாளி செய்கிற வேலையா அது? என்னை மன்னித்துவிடு வாணி. நீ போன பிறகு வேதவல்லியின் வசனத்தை நான்தான் காகிதத்தைப் பார்த்துப் படித்தேன். கடைசி இடம் வந்தோம். உன்னால்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி சந்தோஷமான சேதி. உன் சீனைப் பஸ்ஸில் சத்தமாகப் படித்தேன். பாக்டரி கேன்டீனில் வேதவல்லி தட்டைப் பார்த்துவிட்டு, “அய்யய்யோ, சாம்பார்ல முருங்கக்கா கெடக்குதுடி! இது நம்ம கம்பெனியே இல்லடி!” என்று கத்துகிறாளே, அங்கே மொத்தப் பஸ்ஸும் கூத்தாடியது. டிரைவர் சுப்பராயன் அண்ணன் சிரிப்பு தாங்காமல் கவரப்பேட்டையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். “அம்மா, நீ படிக்கறதுன்னா எறங்கிப் படி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துகினே இருக்குது, ரோடு தெரியல” என்றார். முப்பது பேரும் அன்றைக்கு லேட்.

ஜோதிலட்சுமி அக்கா படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ரெண்டாவது சீன் எப்போ வரும்?”

பூமி


திருவள்ளூர்,
9-7-2025

பூமிக்கு,

அந்தச் சொல்லை அடிக்கவில்லை. திருப்பிப் போடுவதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

மன்னிப்புக் கேட்டாய். படித்தேன். மூன்று நாள் வைத்திருந்து மறுபடியும் படித்தேன். கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது வசனம். ஆனால் முன்பு மாதிரி இல்லை.

இங்கே ஒரு கூத்து நடந்தது. முதல் சீனின் நகலை மேஜைமேல் வைத்துவிட்டு ஆபீஸ் போயிருந்தேன். அப்பா படித்துவிட்டார். கோயில் மடைப்பள்ளியில் முப்பது வருஷமாகச் சமைப்பவர், நாடகம் என்றால் முகம் சுளிப்பார் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் வந்தவுடன், “முருங்கைக்காய் நாங்க தளிகையில சேக்கறதில்ல” என்று ஆரம்பித்தார். போச்சு என்று நின்றேன். “ஆனா அந்த எடத்துக்கு அதான் சரி. கத்திரிக்காயா இருந்தா சிரிப்பு வராது” என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன்.

இரண்டாவது சீன் வைத்திருக்கிறேன். நாடகத்தின் முடிவும் இதில் வந்துவிட்டது. அந்த வேற கம்பெனி சூப்பர்வைசர் ஏழு பேரையும் திட்டி விரட்டுவதாகத்தானே முன்பு எழுதியிருந்தோம்? இப்போது அப்படி இல்லை. படித்துப் பார்.

வாணி


சோழவரம்,
27-7-2025

அன்புள்ள வாணிக்கு,

ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறேன். வேதவல்லியாக நடிப்பவர் பெயர் அன்பு. மேடையில் பத்து வருஷ அனுபவம். உன் வசனத்தை வாயில் போட்டு வெற்றிலை மாதிரி மெல்கிறார். நோட்டீசும் அச்சாகிவிட்டது. ‘எழுதியவர்கள்: ஸ்ரீவாணி, பூமிகா’ என்று இருக்கிறது. உன் பெயர் முதலில் வரவேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

ஆனால் நான் போக முடியுமா என்பது சந்தேகமாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு வேலை நாள். லீவு கேட்டால் சூப்பர்வைசர் தணிகைவேல் சார் தரமாட்டேன் என்கிறார். நாடகத்தில் அவரைக் கிண்டல் செய்திருப்பதாக யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். “இன்னாம்மா, எனுக்கு வேஷம் கட்டி மெட்ராஸ்ல நிக்க வெச்சி சிரிக்கப் போறியாமே? அதுக்கு நானே லீவு வேற குடுக்கணுமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சித்தி, வேலையை விட்டுவிட்டாவது போ என்கிறாள். அவள் சொல்வாள், வேலை போனால் நைனாவுக்கு யார் பதில் சொல்வது?

என் முதல் நாடகம், வாணி. நான் ஒயர் சோதித்துக்கொண்டிருக்கும்போது அங்கே திரை விலகும் போலிருக்கிறது. நீயாவது வருவாயா? கூப்பிடக்கூடாது என்று சொன்னாய். கூப்பிட்டுவிட்டேன்.

பூமி


திருவள்ளூர்,
5-8-2025

அன்புள்ள பூமிக்கு,

பார், போட்டுவிட்டேன்.

மக்கு! கடைசி சீனை அவரிடமே படிக்கக் கொடு. கேன்டீனில் சத்தம் போட்டுப் படிக்காதே, தனியாகக் கொடு. வக்கீல் நோட்டீஸ் டைப் அடித்து அடித்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: காகிதத்தைப் பார்க்காத வரைக்கும்தான் மனிதர்களுக்குப் பயம்.

நான் வரவில்லை. கோபத்தினால் அல்ல, அதை நம்பு. அந்த ரயிலில் ஏறி உட்கார்ந்தால் காதில் வேறு எதுவும் விழாது. நீ போய் நில். அது போதும்.

வாணி


சோழவரம்,
17-8-2025

அன்புள்ள வாணிக்கு,

நீ சொன்னபடி கொடுத்தேன். தணிகைவேல் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றே படித்தார். வேற கம்பெனி சூப்பர்வைசர், “ஆறு மணி நேரம் ஒழுங்கா வேலை செஞ்சிக்கிறாங்க. யாரு கம்பெனியா இருந்தா இன்னா? கையெழுத்துப் போடறேன், போங்கம்மா” என்று ஏழு பேருக்கும் வருகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற இடம் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், “நானா இருந்தா போட்டிருப்பனான்னு தெரியலம்மா” என்றார். எனக்கு மட்டுமில்லை, எங்கள் பஸ்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் லீவு கொடுத்துவிட்டார். அவருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் இரண்டு சீட்டு கேட்டார். சுப்பராயன் அண்ணன் முதலாளியிடம் கேட்டு அன்றைக்கு மட்டும் வண்டியையே இரவல் வாங்கிவிட்டார். மொத்தப் பஸ்ஸும் வருகிறது!

உனக்கும் அப்பாவுக்கும் இரண்டு சீட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறாவது வரிசை, ஓரம். நீ வராவிட்டால் அந்த நாற்காலிகள் காலியாகவே இருக்கட்டும். வேறு யாருக்கும் தரமாட்டேன்.

பூமி


திருவள்ளூர்,
25-8-2025

அன்புள்ள பூமிக்கு,

சனிக்கிழமை உன்னிடம் நாலு வார்த்தை பேசாமல் ஓடி வந்துவிட்டேன். அப்பா விடியற்காலையில் மடைப்பள்ளி திறக்க வேண்டும், ரயிலை விடமுடியாது. நீ மேடைக்குப் பின்னால் நின்றிருந்தாய். முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வரவில்லை என்றுதான் கடைசி வரை இருந்தேன். மத்தியானம் அப்பா புது வேஷ்டி கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். “சீட்டு ரெண்டு இருக்கு. ஒண்ணு வீணாப் போறதா, ரெண்டும் வீணாப் போறதா? நான் கெளம்பியாச்சு” என்றார். ஏறிவிட்டேன். ஆவடியில் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா தோளைத் தட்டி, “தூங்கறியா? உன் பேர் நோட்டீஸ்ல எவ்வளவு பெரிசுன்னு சொன்னே?” என்று கேட்டார். ஆவடி போய்விட்டது.

முதல் ஐந்து நிமிஷம் யாரும் சிரிக்கவில்லை பூமி. அப்புறம் வேதவல்லி டீ கிளாசோடு பஸ்ஸில் ஏறினாள். பின்வரிசையில் உங்கள் கும்மிடிப்பூண்டிப் பெண்கள் ஆரம்பித்தார்கள், அப்படியே முன்வரிசைக்கு வந்தது. முருங்கைக்காய் வந்தபோது எனக்கு முன்னால் இருந்த சென்னைக்காரர் ஒருவர் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் காலை உதைத்துக்கொண்டு சிரித்தார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரும்பிப் பார்த்தேன். உங்கள் தணிகைவேல் சாராகத்தான் இருக்க வேண்டும், வீட்டம்மா கைக்குட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நீ மேடையில் ஏறி மைக்கைப் பிடித்துக்கொண்டு, “எழுதனது ரெண்டு பேரு. இன்னொருத்தி வந்துகிறாளான்னு எனுக்குத் தெரியல” என்றாய். அப்பாதான், “உன்னைத்தாம்மா கூப்பிடறா, போ” என்று முழங்கையால் தள்ளினார். எப்படி வந்தேன் என்றே தெரியாது. நீ என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு விரல் இன்னும் வலிக்கிறது. வேண்டுமென்றே பிடித்தாயா?

மேடையில் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இத்தனை நாளும் எனக்கு நன்றாக நடிக்க வரும், நீதான் வயிற்றெரிச்சலில் சொன்னாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்பு அவர்கள் என் வசனத்தைப் பேசிக்கொண்டே தலைமயிரை அள்ளி முடிந்ததைப் பார்த்தபோது தெரிந்துவிட்டது. எனக்கு நடிக்க வராது பூமி. கொஞ்சமும் வராது. அதை நினைத்து நாற்காலியிலேயே சிரித்துவிட்டேன், வசனத்துக்குச் சிரிக்கிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார். இனிமேல் எதுவாக இருந்தாலும் என்னிடமே சொல். கோபித்துக்கொள்வேன். கோபித்துக்கொண்டு மறுநாள் வந்துவிடுவேன்.

ஜோதிலட்சுமி அக்கா அடுத்த நாடகம் கேட்டார்களாமே? எனக்கு ஒரு பெண் கிடைத்திருக்கிறாள். போன வாரம் எங்கள் வக்கீலிடம் விவாகரத்துக்கு வந்தவள். புருஷனையும் அதே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தாள். “தனித்தனியா வந்தா ரெண்டு ஆட்டோ சார், எதுக்கு வேஸ்ட்டு?” என்றாள். ஒரு மணி நேரம் அவனைப் பற்றிக் குறை சொன்னாள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான், வாயே திறக்கவில்லை.

அவள் பேச்சை நான் எழுதிவிட்டேன், பதினோரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டியில் கிளம்பி வா. அவன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் எழுத வேண்டும்.

உன்
வாணி