ஹானுஸ் வாய் திறக்க வேண்டும்

ஸ்வீனொய் தீவு,
மே 7

கர்த்தருக்குள் அன்பான எல்ஸ்பாவுக்கு,

மார்யுன் எழுதுவது. சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி இருக்கிறது.

"நீ செத்துப்போனா உன் அடக்கத்துக்கு யாருடி ஆர்கன் வாசிப்பா?" என்று ஒருமுறை கேட்டாயே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். "நானே எழுந்து வாசிச்சிட்டுப் படுத்துக்குவேன்" என்றேன். இருவரும் சிரித்தோம். இப்போது அந்தப் பதிலை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

டென்மார்க்கில், ஆல்போர்கில் இருக்கும் என் மகள் ரக்னா, குழந்தையின் ஞானஸ்நானத்தை எனக்காக இரண்டு முறை தள்ளிப்போட்டாள். முதலில் ஈஸ்டர் குறுக்கே வந்தது, அப்புறம் ஓர் அடக்கம். இரண்டு முறையும் இங்கே வாசிக்க வேறு ஆள் இல்லை. "பன்னிரண்டாம் தேதிம்மா. இனிமே மாத்த மாட்டேன். விட்டா அவனே நடந்து போய் தண்ணி ஊத்திக்குவான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதே பன்னிரண்டாம் தேதி ஞாயிறுதான் இங்கே பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை.

போதகரிடம் மெல்லப் பேச்செடுத்தேன். "கர்த்தர் கொடுத்த தாலந்து டீச்சர். உங்கள விட்டா எங்களுக்கு யாரு?" என்றார். கடையிலும் அதையேதான் சொல்கிறார்கள். யாராவது அதட்டினால் எதிர்த்துப் பேசலாம். இவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகச் சொல்கிறார்களே, என்ன செய்வது? இத்தனை வருடம் சுற்றிலும் கடல் இருப்பது எனக்கு உறுத்தியதில்லை. இந்த வாரம் உறுத்துகிறது.

பிறகு, நான் போக முடியாமல் வழியை அடைத்தது யார் என்று யோசித்தேன். வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன். மூன்று நொடி பொறுக்காமல் நானே பதிலைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். நல்ல ஒழுங்கான வகுப்பு என்று நினைத்துக்கொள்வேன். சபையிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

ஆடு வளர்க்கும் ஹானுஸை உனக்குத் தெரியும். ஆர்கன் வருவதற்கு முன் அவருடைய அப்பாதான் ஞானப்பாட்டை எடுத்துக்கொடுப்பார். சபை அவர் பின்னால், ஆளுக்கொரு வளைவோடு, இழுத்து இழுத்துப் பாடும். ஹானுஸும் அந்த மாதிரிதான். நான் அடுத்த அடிக்குப் போன பிறகும் அவர் முந்தைய சொல்லிலேயே நிற்பார். நான் வாசிக்க வந்த முதல் வருடம், "நீங்க வாயை மட்டும் அசைங்க" என்று சொல்லிவிட்டேன். இருபத்தொன்பது வருடமாக அவர் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைக்கிறார். சொன்னதையே நான் மறந்துபோயிருந்தேன்.

நேற்று அவரிடம் போனேன். ஆடுகள் குட்டி போடும் சமயம். முழங்கை வரை ஈரமாக நின்றார். ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் இல்லாமல் அவர் பாட்டை எடுத்துக்கொடுக்க வேண்டும் என்றேன். ஆட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "இத்தன வருஷம் கழிச்சு வாயத் திறன்னா, தொண்டைய எங்க வெச்சேன்னு தேடணும் டீச்சர்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் ஆட்டின் பக்கம் குனிந்துகொண்டார். நான் கல் வேலியைத் தாண்டும்போது கூப்பிட்டார். "பாடறேன். ஆனா நீங்க இருக்கக் கூடாது. நீங்க கேட்டுட்டு உட்கார்ந்திருந்தா எனக்கு உதடுதான் அசையும்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இப்படிக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நான் இங்கே இல்லாமல் இருப்பதும் இப்போது சபைக்கு நான் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது. கடல் விட்டால் நாளை மறுநாள் படகு ஏறுகிறேன். பெட்டி கட்டியாகிவிட்டது. ஆனால் விரல்கள் மேஜை விளிம்பில் ஞாயிறு பாட்டுகளை வாசித்துக்கொண்டே இருக்கின்றன. மடக்கி வைத்தால் மறுபடி தொடங்குகின்றன. எனக்காக ஜெபம் பண்ணு.

உன்னைத் தவிர ஞாயிறு பள்ளி நடத்த ஆளில்லை, இடுப்பு வலியோடு போகிறேன் என்று எழுதியிருந்தாய். கர்த்தர் உனக்குச் சுகம் தரட்டும். அடுத்த ஞாயிறு கதை சொல்ல வேறொருவரைக் கூப்பிடு. அவர் தப்பாகச் சொன்னாலும் நீ திருத்தாதே.

அன்புடன்,
மார்யுன்