மணாலியில் குளிர் ஜாஸ்தி

மணாலி,
16.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் நீங்கள் அழுதுவிடுகிறீர்கள், அதனால்தான் மெயில். லேப்டாப் வேலையை எங்கே உட்கார்ந்து செய்தால் என்ன என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் இங்கே, பிறகு வேறு ஊர். ஜன்னலைத் திறந்தால் மலை. குளிர் ஜாஸ்தி. சிக்னல் கம்மி, வீடியோ கால் வேண்டாம்.

உங்கள் மகள்
நூரைன்

திருவண்ணாமலை,
20.11.2025

மகள் நூரைனுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சிக்னல் இல்லாத ஊரில் ஆபீஸ் வேலை மட்டும் எப்படி நடக்கிறதாம்? உன் அத்தா மவுத்தாகிப் போன பிறகு, நீ வேலை பார்க்கும் அறையில் உன் குரல் கேட்டுக்கொண்டிருந்ததுதான் எனக்குத் துணை. இப்போது கறிவேப்பிலை வாங்கக் கூப்பிடக்கூட ஆளில்லை. ஸ்வெட்டரும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிவைத்துவிட்டு நானே போன் போட்டு அட்ரஸ் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய். முந்தாநாள் பாத்ரூமில் வழுக்கிவிட்டது. விழவில்லை, பயப்படாதே.

உன் அம்மா
ரஹமத்துன்னிசா

திருவண்ணாமலை,
4.12.2025

நூரைன்,

நேற்று சாயங்காலம் உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மலைமேல் தீபம் ஏற்றியதும் நம் தெருவே அரோகரா என்று கத்தியது. அதே சத்தம் உன் போனிலிருந்தும் வந்தது. நீ சட்டென்று வைத்துவிட்டாய். மணாலியில் யாரம்மா அரோகரா போடுகிறார்கள்? டிவி என்று சொல்லாதே, நீ டிவி பார்க்கிற ஆளில்லை. எங்கே இருக்கிறாய்? யாரோடாவது இருக்கிறாயா? பயமாக இருக்கிறது, உடனே எழுது.

அம்மா

செங்கம் ரோடு,
5.12.2025

அம்மா,

யாரோடும் இல்லை. ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம்.

மணாலிக்குத்தான் கிளம்பினேன். "நான் வழுக்கி விழுந்தா யாருடி தூக்குவா?"ன்னு வாசலில் கேட்டீர்களே, பஸ்ஸில் அதுவே காதில் ஓடியது. ஊரைத் தாண்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கீழ்பென்னாத்தூரிலேயே இறங்கிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பவும் மனம் வரவில்லை. மீட்டிங் நடுவிலேயே "சும்மாதானே உக்காந்துன்னு இருக்க, பால் பொங்குது பாரு"ன்னு கதவைத் தட்டுவீர்கள். காசிம் அண்ணன் ஆபீசைக் காரணம் காட்டி ஓசூர் போய்விட்டார். எங்கிருந்தும் செய்யலாம் என்கிற வேலை என்பதால் நான் மட்டும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

இங்கேயும் ஜெயில்தான். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பகலில் வெளியே போவதில்லை. ஜன்னலைத் திறந்தே பல நாளாகிறது. பக்கத்து அறைக்காரர்கள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்தடுத்த ஊருக்குப் போகிறார்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது அம்மா.

நூரைன்

திருவண்ணாமலை,
8.12.2025

நூரைனுக்கு,

செங்கம் ரோட்டில் உட்கார்ந்துகொண்டு குளிர் ஜாஸ்தி என்று எழுதினாயே, சரியான கேடி நீ! கோபம் போன பிறகு அழுகைதான் வந்தது. வெளியே தனியாக ஒரு அறை வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன், அதுவும் எனக்குத் தெரியும்.

உன்னைக் கூட்டிவர ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுச் செருப்புகூட மாட்டிவிட்டேன். நான் வந்து நின்றால் நீ பேசாமல் என் பின்னாலேயே வந்துவிடுவாய். அதை நினைத்ததும் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நாளை வாணியம்பாடிக்கு, உன் பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன். ஒரு மாதம் இருப்பேன். அங்கே என்னைத் தூக்க ஆள் நிறைய. இங்கே வீடு பூட்டியிருக்கும், நீ காவல் காக்க ஒன்றுமில்லை. ஸ்வெட்டரும் ஊறுகாயும் மூர்த்தி மருந்துக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன், வாங்கிக்கொண்டு கிளம்பு. எங்கே போனாலும் சரி, கடிதத்தின் மேலே நிஜமான ஊரை எழுது.

அம்மா

கீழ்பென்னாத்தூர்,
10.12.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பஸ் நிற்கிறது. "எறங்கறவங்க எறங்குங்க"ன்னு கண்டக்டர் கத்திக்கொண்டிருக்கிறார். ஸ்வெட்டர் மடியில் இருக்கிறது. பெரியம்மா வீட்டுப் பாத்ரூம் தரை வழுக்குமா என்று பார்த்து எழுதுங்கள்.

நான் இறங்கவில்லை.

நூரைன்