ஒன்றுவிட்டு ஒன்று நட்ட கம்பிகள்

தலைச்சோலை,
12.3.2024

என் கண்ணு இலக்கியாவுக்கு, அப்பா நிறைந்த சந்தோஷத்தோடு எழுதுவது. நானும் அம்மாவும் நலம்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போனை அணைத்து வைத்திருக்கிறாய். அதனால் இந்தக் கடிதத்தைக் கோயம்புத்தூர் போகும் லாரி டிரைவர் மெல்வினிடம் கொடுத்து, உன் ஹாஸ்டல் வாசலிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

உன் கணக்கு சரி. தப்பு என்னுடையது!

உன் புராஜெக்டுக்காக எட்டு ஆன்டெனாக் கம்பிகளை ஒன்றரைச் சாண் இடைவெளியில் நட்டு, சுற்றி நடந்து மீட்டரைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டுப் போனாய். கம்ப்யூட்டர் வரைந்த படத்தில், வரிசைக்கு நேர் எதிரே அலை பெரிய இதழாக நீளும், இரண்டு முனைகளிலும் ஒன்றுமே இருக்காது என்றாய். நான் அளந்ததிலோ நடுவில் குறைவு, முனைகளை ஒட்டி அமர்க்களம். அதைப் பார்த்து உன் சார் படமே தப்பு என்று சொல்ல, வியாழக்கிழமை வைவா தேர்வுக்குப் போக மாட்டேன், படிப்பே வேண்டாம் என்று போனில் அழுதாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று கம்பிகளைப் பிடுங்கிவிடலாம் என்று எஸ்டேட்டில் காபி காயப்போடும் களத்துக்குப் போனேன். டீ கொண்டு வந்த உன் அம்மா மேட்டில் நின்று பார்த்துவிட்டு, ஏனுங்க, காபிச் செடியா நட்டு வெச்சிருக்கீங்க என்று சிரித்தாளே ஒரு சிரிப்பு! அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரிவில் மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் இருக்க, ஒன்றுவிட்டு ஒரு செடியைப் பின்னால் தள்ளி நடுவோமே, இருபது வருஷமாகப் பழகிய கை கம்பிகளையும் அப்படியே நட்டிருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று, ஒரு சாண் பின்னால். சமதரையான களத்தில் எந்த மண் அரிக்கப் போகிறது, சொல்!

உடனே கயிறு பிடித்து எட்டையும் ஒரே கோட்டில் நட்டேன். அம்மா மீட்டரோடு நடந்தாள், நான் எழுதினேன். நடுவுல நொம்ப ஏறுதுங்க என்று அவள் போட்ட கூச்சலில் கணக்கு எழுதும் ரைட்டரே ஆபீஸிலிருந்து ஓடி வந்துவிட்டார். முனைகளில் முள் அசையவே இல்லை. சின்ன இதழ்கள்கூட நீ சொன்ன இடத்தில்தான். கண்ணுக்குத் தெரியாத அலையை அளந்து பார்க்காமலே நீ எப்படியம்மா வரைந்தாய்? எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன வாரம் பெய்த மழைக்குக் காபி பூத்துவிட்டது. அம்மா முறுக்கு கொடுத்திருக்கிறாள். குறைந்தால் மெல்வினைக் கேள்.

புதிதாக அளந்து எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். பழையதையும் எடுத்துப் போய், எங்கே தப்புச் செய்தோம் என்று மறைக்காமல் சொல். சிரித்தால் சிரிக்கட்டும். "அளந்தவர் பெயர்" என்ற கட்டத்தைப் போன முறை காலியாக விட்டிருந்தேன். எஸ்டேட் கூலிக்காரன் பெயர் காலேஜ் தாளில் எதற்கு என்று கூச்சமாக இருந்தது. இந்த முறை உன் அம்மா பெயரையும் என் பெயரையும் பேனாவால் அழுத்தி எழுதியிருக்கிறேன்.

அதை வியாழக்கிழமை நீயே உன் சார் கையில் கொடுக்க வேண்டும், சாமி. நீ நல்லா இருக்கணும். போனை ஆன் பண்ணு.

உன் அப்பா,
அன்பழகன்