அப்பா காட்டிய பொய் அடையாளம்

பீக்கோ தீவு,
ஜூன் 14

அன்பு மகன் பெல்மீருவுக்கு அம்மா லுடோவினா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கனடாவில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "ஆமாம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

உன் அப்பா ஒரு கூத்து நடத்தி முடித்திருக்கிறார். நம் தெற்குக் கடலில் மீன்பிடிக்கத் தடைபோட்டு ஆழ்கடல் காப்பகம் வரப்போகிறதல்லவா? எல்லை குறிக்க டாக்டர் கிராசா என்ற பெண் கப்பலில் வந்தாள். பவளம் எங்கே அதிகம் என்று மீனவர்களைக் கேட்டாள். உன் அப்பா, மலை உச்சியை எந்தக் கோபுரத்துக்கு நேராக வைத்துப் படகை நிறுத்த வேண்டும் என்று விலாவாரியாகச் சொன்னார். மூன்று நாள் கேமராவை இறக்கிப் பார்த்தார்கள். வெறும் சேறு!

"ஏன் மனுஷா, அந்தப் பொண்ணுகிட்டப் போயா பொய் சொன்னீங்க?" என்று பிடித்துக்கொண்டேன். "வேணும்னு சொல்லலடி. எவனாவது இடம் கேட்டா வாயில பொய்தான் தானா வருது. நாப்பது வருஷப் பழக்கம்" என்று திருதிருவென முழித்தார். உண்மைதான். மீன் கொழிக்கும் அந்த நிஜ இடம், உன் தாத்தா சாகும் தறுவாயில் அப்பாவின் காதில் சொன்னது. எனக்கே சொல்லாமல் உனக்கென்று பொத்தி வைத்திருந்தார்.

இரண்டு நாள் சூப்பைக்கூடத் தொடவில்லை. சொல்லாவிட்டால் எல்லை வேறெங்கோ விழும், வெளியூர்ப் பெரிய படகுகள் வந்து பவளத்தை முறித்துப்போடும். சொன்னால் அந்த இடம் உனக்கில்லை. வியாழக்கிழமை கப்பல் கிளம்பும் நேரத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு துறைக்கு ஓடினார். நானும் ஒட்டிக்கொண்டேன். அப்பா நிஜ அடையாளத்தைச் சொல்ல, டாக்டர் எங்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்க் கேமராவை இறக்கினாள்.

மகனே, திரையில் நான் பார்த்ததை என்னவென்று எழுதுவேன்! ஆள் உயரத்துக்குக் கரும்பவளம். ஆயிரம் வயதுகூட இருக்கலாமாம். அதற்குள்ளே சிவப்பு மீன் கூட்டம். பெரிய சுறா ஒன்று கேமராவை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காத மாதிரித் திரும்பிப் போனது. "இத்தன பேரு குடியிருக்காங்களா கீழ!" என்றார் அப்பா. கயிற்றின் இழுப்பில் மட்டுமே அறிந்த இடத்தை அன்றுதான் கண்ணால் பார்க்கிறார். பிறகு அழுதார். ஜலதோஷம் என்று டாக்டரிடம் சமாளித்தேன்.

இனி அங்கே யாரும் தூண்டில் போட முடியாது, நீயும்தான். "அவனக் கேக்காமக் குடுத்துட்டேனே" என்று தினமும் புலம்புகிறார். நீங்களே எழுதுங்கள் என்றால் பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார். இப்போதும் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உனக்குக் கோபம் இருந்தால் போனில் வேண்டாம். விமானம் ஏறி வந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே ஆசை தீரத் திட்டு. எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கித் திட்டலாம். உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிவிட்டேன்.

தூய ஆவியார் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா